சொம்புக்கு மேலே ஓடும் லாரிகள்

என் மாமனார் காலையில் ஆற்றுக்குப் போய்விட்டுத் திரும்பும் வரை எனக்கு மூச்சு சரியாக வந்ததில்லை. நான் இதை ஊதிப் பெரிதாக்குவதாக என் கணவர் சொல்வார். அவர் வாரநாட்களில் சேலத்தில் வேலை பார்க்கிறவர், சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுகிறவர். அவர் சொல்லலாம். அடுப்படியில் நின்றபடி வாசல் கேட்டின் கொண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தவள் நான். கொண்டி விழும் சத்தம் கேட்டதும், "வந்துட்டீங்களா மாமா?" என்பேன். "ம்" என்று ஒரு குரல் வரும். அதற்குப் பிறகுதான் தோசைக்கல்லைத் திரும்பிப் பார்ப்பேன். பாதி நாள் தோசை கருகியிருக்கும்.

அவர்கள் குடும்பம் ஸ்ரீரங்கத்தில் கோயிலை ஒட்டிய வீதியில் இருந்தது. அண்ணன் தம்பிகள் பிரிந்தபோது வீடு விற்றுப்போக, மாமா தன் பங்குக்குத் திருவானைக்காவல் தாண்டி, பைபாஸ் சாலைக்குக் கிழக்கே புதிதாக முளைத்த ஒரு நகரில் வீடு வாங்கினார். மாமியார் அந்த வீட்டுக்கு வரும் முன்பே போய்விட்டார். வீடு மாறியதே தவிர மாமாவின் பழக்கம் ஒன்றும் மாறவில்லை. விடிந்தும் விடியாமலும் பித்தளைச் சொம்பை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு காவேரிக்குக் கிளம்பிவிடுவார். முங்கிக் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு, பூஜை அறையில் இருக்கும் சாளக்கிராமப் பெருமாளின் திருமஞ்சனத்துக்கு ஒரு சொம்பு தீர்த்தம் கொண்டுவருவார். ஆற்றில் வெள்ளம் போனாலும் சரி, கோடையில் மணலுக்கு நடுவே ஒரு கோடாகத் தண்ணீர் ஓடினாலும் சரி, இதில் மாற்றம் கிடையாது.

எங்கள் வீட்டுக்கும் படித்துறைக்கும் நடுவில் பைபாஸ் கிடந்தது. அதைக் கடக்காமல் ஆற்றுக்குப் போகமுடியாது.

நான் லால்குடிப் பக்கத்துப் பெண். வயல் வீடு. வாய்க்காலில் மாடு குளிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே நாங்கள் குளிப்போம், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த ஆசாரம். விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், பக்கத்துச் சந்தில் கொடி கட்டி என் சுடிதாரையும் புடவையையும் காயப்போட்டேன். மறுநாள் காலை மாமா சொம்போடு வந்தவர், அந்தக் கொடியைப் பார்த்தார், அப்படியே திரும்பினார். தெருவைச் சுற்றிக்கொண்டு, பின்பக்கத்து முள்ளுக்காட்டில் நுழைந்து, கொல்லைக் கதவைத் தட்டினார். காலில் முள் கீறியிருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று ராத்திரி போனில் கணவர்தான் விளக்கினார்.

"தீர்த்தம் எடுத்துண்டு வரச்சே தலைக்கு மேல எதுவும் இருக்கக் கூடாது. காயற துணி, மாடிப்படி, மேல யாராவது நடந்தா, எதுவும். பெருமாளுக்குப் போற ஜலம் இல்லியா, அதுக்கு மேல கால் படப்படாதுன்னு ஒரு இது."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"அப்பா சொல்ல மாட்டார். சுத்திண்டு போவார்."

கொடியை மொட்டைமாடிக்கு மாற்றினேன். அதோடு அந்த விஷயம் எனக்கு மறந்தும் போனது. சொல்லாமல் சுற்றிக்கொண்டு போகும் மனிதர் என்பது மட்டும் மனதில் நின்றது. சத்தம் போடுகிற மாமனாரைச் சமாளித்துவிடலாம். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

என் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவிடம் "ரோடு சம்பந்தப்பட்ட வேலை" என்று சொல்லிவைத்திருக்கிறேன். நான் தார் ஊற்றுவதாக நினைத்துக்கொண்டு, தலையில் துணி கட்டிக்கொள்ளச் சொல்லி இன்றைக்கும் புத்தி சொல்கிறாள். உண்மையில் தில்லைநகரில் ஒரு மாடியில், ஏசிக்குக் கீழே உட்கார்ந்து கணக்குப் போடுகிற வேலை. ஓர் இடத்தில் பாலம் கட்டலாமா, சுரங்கப்பாதை தோண்டலாமா, ஒன்றும் வேண்டாமா என்று அரசாங்கம் முடிவெடுக்கும் முன் எங்களைப் போன்ற ஆலோசனை நிறுவனத்திடம் கேட்பார்கள். கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் செலவு: கம்பி, சிமென்ட், நிலம், பராமரிப்பு. இன்னொரு பக்கம் பலன்: பஸ்ஸிலும் காரிலும் போகிறவர்களுக்கு மிச்சமாகும் நேரம், மிச்சமாகும் டீசல், நடக்காமல் போகும் விபத்துகள். எல்லாவற்றையும் ரூபாயாக மாற்றி, பலனைச் செலவால் வகுப்போம். விடை ஒன்றைத் தாண்டினால் திட்டம் பிழைக்கும். தாண்டாவிட்டால் அலமாரியில் தூங்கும்.

இந்தக் கணக்கில் நேரத்துக்கு விலை உண்டு. வேலைக்குப் போகிறவரின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு விலை என்றால், சொந்தக் காரியமாகப் போகிறவரின் மணி நேரத்துக்கு அதில் ஒரு பங்குதான். பென்ஷன் வாங்குகிறவர் ஆற்றுக்குக் குளிக்கப் போவது இரண்டாவது வகை. சாவுக்கும் விலை உண்டு. முதல்முறை அந்தக் கட்டத்தை நிரப்பியபோது கை கூசியது, அப்புறம் பழகிப்போனது. காவல் நிலையங்களிலிருந்து வாங்கிவரும் விபத்து விவரங்களைப் படிப்பதுதான் கடைசிவரை பழகவில்லை. ஒவ்வொன்றும் ஒரே வரி. "முதியவர், வேட்டி அணிந்தவர், சாலையைக் கடக்கும்போது." இந்த வரி எந்த ஊர்ச் சாலைக்குப் போனாலும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். படித்த உடனே வீட்டு லேண்ட்லைனுக்கு அடிப்பேன். "என்னம்மா?" என்பார் மாமா. "ஒண்ணுமில்ல மாமா, மோட்டார் போட்டு விட்டீங்களான்னு கேட்டேன்" என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பேன்.

அப்படி இருக்கும்போது எங்கள் பைபாஸே ஒரு நாள் என் மேஜைக்கு வந்தது.

சாலை நடுவே இருந்த தடுப்புச் சுவரில் எங்கள் நகருக்கு எதிரே ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். அதில்தான் எல்லோரும் கடப்பார்கள். லாரிகள் அங்கே வந்ததும் வேகம் குறைத்து, ஹாரன் அடித்து, முணுமுணுத்துக்கொண்டே போகும். அந்த இடைவெளியை அடைத்து, இரண்டு பக்கமும் கம்பி வேலி போட்டு, ஜனங்கள் கடக்க ஒரு வழி கட்டவேண்டும் என்பது திட்டம். மேலே நடைமேம்பாலமா, கீழே சுரங்கப்பாதையா என்பது கேள்வி.

என் மேலதிகாரிக்குச் சொந்த ஊர் உப்பிலியபுரம் பக்கம். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசாதவர். அவர் நடைமேம்பாலத்தின் பக்கம் சாய்ந்தார், செலவு குறைவு என்பதால். நான் விடவில்லை.

"சார், அத்தனை படி யாரு ஏறுவா? அந்தப் பக்கம் பாதிப் பேரு வயசானவங்க. எங்க மாமனாருக்கே முட்டி தேய்ஞ்சு போச்சு. லிஃப்ட் வெச்சா மூணாம் மாசம் நின்னுடும். சுரங்கப்பாதைன்னா சரிவா இறங்கிச் சரிவா ஏறிடலாம்."

"செலவு ஜாஸ்தியாகுதேம்மா."

"பலனும் ஜாஸ்தியாகும் சார். எல்லாரும் அதுலயே போவாங்க, ரோட்ல ஒருத்தரும் இறங்க மாட்டாங்க. வண்டிங்க மெதுவா போகவேண்டிய அவசியமே இருக்காது."

அப்படியேதான் கணக்கும் வந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் மிச்சமாவது சில நொடிகள்தான். ஆனால் பைபாஸில் ஒரு நாளைக்கு ஓடும் வண்டிகள் அத்தனைக்கும் பெருக்கி, வருடக்கணக்காகக் கூட்டினால் பெரிய தொகை. பலன் பக்கத்தில் அந்த ஒரு வரி மட்டும் மற்ற எல்லா வரியையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. விடை ஒன்றைத் தாண்டியது. சுரங்கப்பாதை தேர்வானது. அன்று சாயங்காலம் ஸ்கூட்டரில் காவேரிப் பாலத்தைத் தாண்டி வரும்போது எனக்கு உச்சி குளிர்ந்திருந்தது. விபத்து விவரத்தில் வரும் அந்த ஒரு வரியிலிருந்து ஒரு மனிதரை நான் வெளியே இழுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாமாவிடம் சொன்னேன். சரிவு எத்தனை மெதுவாக இருக்கும், கைப்பிடி இருக்கும், விளக்கு இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

"பேஷ். நன்னா பண்ணியிருக்கே" என்றார். அப்புறம், "மேல என்ன போகும்?" என்றார்.

"மேலயா? ரோடுதான் மாமா. லாரி, பஸ்ஸு, காரு எல்லாம் போகும்."

"ம்" என்றார். பேப்பரை மறுபடியும் பிரித்துக்கொண்டார்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. ராத்திரி மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது, கொடியில் கை வைத்ததும்தான் தலையில் இடி விழுந்தது மாதிரி புரிந்தது. தலைக்கு மேலே ஒரு காய்ந்த புடவை இருந்ததற்கே முள்ளில் நடந்து சுற்றிக்கொண்டு வந்தவர். அவருடைய சொம்புக்கு மேலே நான் ஒரு தேசத்து லாரியையெல்லாம் ஓட்டிவிட்டிருந்தேன்.

மறுநாள் மேலதிகாரியிடம் போய் நின்றேன். விஷயத்தைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றுவரை அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

"இப்படி எத்தனை பேரு இருப்பாங்கம்மா?"

"ஆத்துலேர்ந்து தண்ணி கொண்டாரவங்க ஒரு சிலர்தான் சார்."

"அவங்களுக்காக மேல ஒரு பாலம் போட்டு, அதுக்கும் சரிவு வெச்சா செலவு எங்க போய் நிக்கும்? உங்களுக்கே தெரியும். சரி, நீங்களே சொல்லுங்க, இதை எந்த வரியில எழுதலாம்? சொல்லுங்க, எழுதிடலாம்."

திரையில் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். எந்த வரியிலும் எழுத முடியாது. அவருக்கும் தெரியும். காபி வரவழைத்துக் கொடுத்தார்.

கட்டிமுடிக்க ஆகவேண்டிய காலத்தைவிட அதிகம் எடுத்துக்கொண்டார்கள். ஓர் ஐப்பசியில் சுரங்கப்பாதை திறந்தது. ஊரே அதில் இறங்கியது, பள்ளிக்கூடப் பிள்ளைகள், பூக்காரம்மா, பால்காரர் எல்லோரும். உள்ளே வெளிச்சமாக இருந்தது, வெள்ளைச் சுண்ணாம்பு வாசம் அடித்தது. மாமாவும் இறங்கினார். முதல் நாள் காலை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொம்போடு சரிவில் இறங்கி மறைந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீணாகப் பயந்தேன் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போதுதான் தெரிந்தது. போகும்போது சொம்பு காலி. காலிச் சொம்புக்கு மேலே எது ஓடினாலும் அவருக்கு ஆட்சேபணை இல்லை. நிறைந்த சொம்போடு திரும்புகையில் சரிவுப் பக்கமே வராமல், கம்பி வேலி ஓரமாகத் தெற்கே நடந்தார். அங்கே யாரோ இரண்டு கம்பிகளை வளைத்துவைத்திருந்தார்கள். அதற்குள் உடம்பை நுழைத்து, சாலையில் இறங்கி, நடுச்சுவரைத் தாண்டி, இந்தப் பக்கத்து வேலியிலும் அதேபோல ஒரு சந்தில் புகுந்து வந்தார். சொம்பிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை.

பழைய இடைவெளி இருந்தபோது இருந்த பயம் ஒரு பயமே இல்லை என்று அதற்குப் பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது லாரிக்காரர்கள் அங்கே ஆள் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். இப்போது வேலி இருக்கிறது, சுவர் இருக்கிறது, யாரும் வரமாட்டார்கள் என்று நம்பி அழுத்துகிறார்கள். நான் கணக்கில் மிச்சம் பிடித்துக்கொடுத்த அந்தச் சில நொடிகள் அத்தனையும் காலையில் என் மாமனாரை நோக்கித்தான் ஓடிவந்துகொண்டிருந்தன. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோவேன். தூரத்தில் பிரேக் கிறீச்சிடும் சத்தம் கேட்டால் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு கொண்டிச் சத்தத்துக்காகக் காத்திருப்பேன்.

கேட்காமல் இல்லை. "ஸ்கூட்டர்ல கொண்டாந்து விடறேன் மாமா, யூ டர்ன் எடுத்துச் சுத்தி வந்துடலாம்" என்றேன். ஈர வேட்டியோடு, மடியாக, மருமகள் பின்னால் தொட்டுக்கொண்டு எப்படி உட்காருவது? சிரித்து மழுப்பினார். ஆட்டோ ஏற்பாடு செய்தேன். ஆட்டோவுக்குக் கூரை உண்டே, அதன்மேல் காக்கா உட்கார்ந்தால் என்ன செய்வது என்று நானே கேலியாகக் கேட்டுவிட்டேன். அதற்கும் சிரித்தார். ஆட்டோக்காரர் இரண்டு நாள் படித்துறையில் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார். கணவரிடம் சண்டை போட்டேன்.

"உங்க அப்பாதானே? நீங்க சொல்லுங்க."

"சொன்னா கேக்கறவரா? பெருமாள் பாத்துப்பார், விடு."

"பெருமாள் எந்த லாரிய ஓட்டறாரு? எனக்கு விபத்து விவரம் மட்டுந்தாங்க தெரியும்!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். பக்கத்து அறையில் மாமா இருந்தார். கேட்டிருக்கும்.

திறந்த பிறகு எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க அலுவலகத்திலிருந்து கணக்கெடுப்பு வைத்தார்கள். இரண்டு வாயிலிலும் ஆள் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரைக் குறித்துக்கொண்டார்கள். முடிவுகள் வந்தபோது ஒரு விசித்திரம். காலை வேளையில் ஆற்றுப் பக்கம் போகிறவர்கள் அதிகமாகவும், அங்கிருந்து திரும்புகிறவர்கள் சற்றுக் குறைவாகவும் இருந்தார்கள். எந்த நாள் பார்த்தாலும் அப்படித்தான்.

"என்னம்மா இது, போனவங்கள்ல கொஞ்சம் பேரு திரும்பவே இல்ல? ஆத்தோட போயிட்டாங்களா?" என்று மேலதிகாரி சிரித்தார். அப்புறம், "டவுனுக்கு அப்படியே பஸ் ஏறியிருப்பாங்க" என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார்.

திரும்பாத அந்தச் சிலரில் ஒருவர் எங்கள் வீட்டில் காலைக் காபி குடிக்கிறார் என்று எப்படிச் சொல்வது? காகிதத்தில் அவர் போகிறார், வருவதில்லை. அந்த இரண்டு எண்களையும் பார்க்கவே பயமாக இருந்தது. ஏதோ நடக்கப்போவதை யாரோ முன்கூட்டியே எழுதிவைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு மார்கழி வந்தது. காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தீவில் மார்கழிப் பனி இறங்கினால் எதிர்வீட்டுக் கோலம்கூடத் தெரியாது. ஒலிபெருக்கியில் பாசுரம் கேட்கும், பாடுகிற கோயில் எந்தத் திசையில் என்று சொல்லமுடியாது. "பனி விலகினதும் போங்களேன் மாமா" என்று வாசல்வரை போய்க் கெஞ்சினேன். "மார்கழியில விடிஞ்சப்புறம் குளிக்கறதாவது" என்று சொம்போடு பனிக்குள் போய்விட்டார்.

ஒரு நாள் அவர் வரவில்லை.

பால் பொங்கி அடுப்பு அணைந்தது. தேங்காய் அரைத்து முடித்தேன். எப்போதும் அவருக்குப் பிறகு வரும் பேப்பர்காரர் பேப்பரைப் போட்டுவிட்டுப் போனார். கேட்டுக்குப் போய்ப் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது. உள்ளே வந்தேன், மறுபடியும் போனேன். அதற்கு மேல் நிற்க முடியவில்லை. நைட்டிமேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு ஓடினேன். எங்கள் பக்கத்து வேலியில் வளைந்த கம்பியருகே யாரும் இல்லை. சாலை கண்ணுக்குத் தெரியவே இல்லை. சத்தம் மட்டும் வந்தது, வந்து போனது. "மாமா!" என்று கத்தினேன். ஒரு பஸ் என் குரலை இழுத்துக்கொண்டு போனது.

கொஞ்ச தூரத்தில் ஒரு லாரி விளக்கை மினுக்கிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தது. அதற்கு முன்னால், அந்த வெளிச்சத்தில், ஒரு மனிதர் குனிந்து தரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். விபத்து விவரத்தில் வரும் அந்த வரி முழுதாக, எழுத்து எழுத்தாக, கண்முன் வந்தது. வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்து போனேன். டிரைவர் டயரில் குத்திய கல்லைக் கம்பியால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இங்க வயசானவரு யாராச்சும்..." என்று கேட்கும்போதே அழுதுவிட்டேன்.

"யாரும் இல்லியேம்மா. நான் இப்பத்தான் நிறுத்தினேன்" என்றார் அவர், பயந்துபோய்.

திரும்பி ஓடிச் சுரங்கப்பாதையில் இறங்கினேன். நானே வாதாடிக் கொண்டுவந்த பாதை, அதற்குள் தனியாக நான் நின்றது அன்றுதான். தலைக்கு மேலே ஒவ்வொரு வண்டியும் தடதடவென்று போனது. மண்டைக்குள் போவது மாதிரி இருந்தது. 'மேல என்ன போகும்' என்று அவர் கேட்டது இதைத்தான்.

மறுபக்கம் ஏறி, வேலி ஓரமாகத் தெற்கே ஓடியதும் பார்த்துவிட்டேன். அந்தப் பக்கத்து வேலிச் சந்துக்கு வெளியே, சாலை விளிம்பில், ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். சொம்பை இரண்டு கையாலும் மார்போடு அணைத்திருந்தார். உடம்பு வெடவெடவென்று ஆடியது. ஒரு காலைச் சாலையில் வைத்தார், ஏதோ ஒன்று விர்ரென்று போனது, எடுத்துக்கொண்டார். மறுபடி வைத்தார், எடுத்தார். எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறாரோ தெரியவில்லை. சொம்பில் பாதித் தண்ணீர் மார்பில் கொட்டிப்போயிருந்தது.

"மாமா" என்றேன், பக்கத்தில் போய், மெதுவாக. எங்கே திடுக்கிட்டு முன்னால் கால் வைத்துவிடுவாரோ என்று பயம்.

திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"முன்னெல்லாம் நம்மளப் பாத்தா வண்டிக்காரன் சித்த நிதானிப்பான்" என்றார். "இப்போ பாக்கறதே இல்லம்மா. காலை வெக்கறேன், எடுக்கறேன். பயமா இருக்கு."

என் மாமனார் பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. சொல்லிவிட்டு, சொம்பை என் பக்கம் நீட்டினார். "சித்த பிடிச்சுக்கோ. கை நிக்கல."

நான் குளித்திருக்கவில்லை. முந்தைய நாள் நைட்டி, காலில் செருப்பு. கையை நீட்டலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். அவர் சொம்பை என் கையில் வைத்துவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சொம்பை நான் அதுவரை தொட்டதில்லை. கனம் அதிகம் இல்லை, ஆனால் சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே அதை வாங்கி, வேலி ஓரத்தில் சாலைக்காரர்கள் நட்டிருந்த அரளிச் செடிக்கு ஊற்றினார். கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துப் பிடித்திருந்தார்.

"வா, உன் வழியாவே போலாம்" என்றார்.

சரிவில் இறங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மேலே ஒரு லாரி போனபோது பிடி இறுகியது. வீட்டுக்கு வந்து, குழாயில் சொம்பை நிரப்பி, அதைக் கொண்டே திருமஞ்சனம் செய்தார். நான் பார்ப்பதைப் பார்த்து, "கார்ப்பரேஷன் குழாயில வரதும் காவேரிதானே" என்றார், நான்தான் ஏதோ கேள்வி கேட்டது போல.

மறுநாள் ஆற்றுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும், சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். தோசை கருகுவது நின்றது. கணவர் போனில், "பாத்தியா, தானே சரியாயிடுத்து" என்றார்.

தை பிறந்ததும் இன்னொரு கணக்கெடுப்பு நடந்தது. இதற்குள் வளைந்த கம்பிகளையும் நிமிர்த்தி வெல்டு வைத்துவிட்டார்கள். போகிறவர்களும் வருகிறவர்களும் இப்போது சரியாக இருந்தார்கள். சாலையில் இறங்கிக் கடப்பவர் ஒருவரும் இல்லை. "நீங்க அன்னிக்குச் சொன்ன மாதிரியே ஆயிடுச்சும்மா, எல்லாரும் அதுலயே போறாங்க" என்று மேலதிகாரி எல்லோர் முன்பும் பாராட்டினார். வேறு ஊர்த் திட்டங்களுக்கு இதை உதாரணமாகக் காட்டப்போவதாகவும் சொன்னார். அதில் ஒரு பொய்யும் இல்லை. கணக்கு சொன்னபடியே நடந்திருந்தது.

மாமாதான் வேறு ஆளாகிவிட்டார். வெளியே போவதே இல்லை. முன்பு எதற்கும் அசையாதவர் இப்போது எல்லாவற்றுக்கும் பயப்படுகிறார். கேஸ் சிலிண்டரை மூடினாயா என்று இரண்டு தரம் கேட்கிறார். மழைக்காற்று அடித்தால் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே வருகிறார். நான் ஸ்கூட்டரை எடுக்கும்போது கேட்வரை வந்து, "பாலத்துல ஓரமாவே போ. லாரி பின்னாடி நிக்காதே. ஆபீஸ் போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணிடு" என்கிறார். தினமும் இதே வார்த்தைகள்தான். நானும் போய்ச் சேர்ந்ததும் பண்ணிவிடுவேன். முதல் மணியிலேயே எடுப்பார்.

போன மாதம் ஒரு நாள் காலையிலேயே கூட்டம் இருந்தது. போனைச் சத்தமில்லாமல் வைத்தவள் அப்படியே மறந்துவிட்டேன். சாயங்காலம் வெளியே வந்து பார்த்தால் வீட்டு எண்ணிலிருந்து அத்தனை அழைப்புகள். திரும்ப அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. காவேரிப் பாலத்தில் எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் தெரு முனையில் திரும்பியபோதே தெரிந்தது. கேட்டுக்கு வெளியே, சட்டைகூடப் போடாமல், வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. சமையலறையில் நான் மூடிவைத்துவிட்டுப் போயிருந்த மதியச் சாப்பாடு அப்படியே இருந்தது, அதை அப்புறம்தான் பார்த்தேன்.

நான் வண்டியை நிறுத்தி, கேட்டைத் திறந்து, அவரையும் அழைத்துக்கொண்டு உள்ளே வந்து சாத்தினேன். கொண்டி விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"வந்துட்டியாம்மா?"

"ம்" என்றேன்.